கேமரா இருந்தது, முகம் இல்லை: வீட்டுக் கண்காணிப்பு அமைப்பு எங்கே தவறுகிறது?

வீட்டில் திருட்டு நடந்தால் போலீசார் முதலில் கேட்கும் கேள்விகளில் ஒன்று, "கேமரா இருக்கிறதா?" என்பது. வீட்டுக்காரரும் நம்பிக்கையோடு பதிவை ஓட்டிக் காட்டுவார். இரவு இரண்டே கால் மணிக்கு ஓர் உருவம் சுற்றுச்சுவர் ஏறிக் குதிக்கிறது. போர்டிகோவில் சிறிது நேரம் நிற்கிறது. ஆண் என்று தெரிகிறது, வெளிர்நிறச் சட்டை என்று தெரிகிறது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைத் திட்டு. சில வீடுகளில் அந்தத் திட்டுகூடக் கிடைப்பதில்லை. பதிவு இரண்டு நாளுக்கு முன்பே அழிந்திருக்கும், அல்லது பதிவுப் பெட்டியையே திருடன் கையோடு எடுத்துச் சென்றிருப்பான்.

இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. 2025 பிப்ரவரியில் குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனைக்குள் பதிவான காட்சிகள் இணையத்தில் கசிந்து, காசுக்கு விற்கப்பட்டது தெரியவந்தது. சிகிச்சைக்கு வந்த பெண்களின் காட்சிகள் அவை. காவலுக்கு என்று வைத்த கண்ணே வெளியாருக்குத் திறந்துவிடப்பட்ட சன்னல் ஆயிற்று. அதே ஆண்டு ஏப்ரலில் கேமராக்களுக்கான புதிய பாதுகாப்பு விதிகள் இந்தியாவில் நடைமுறைக்கு வந்தன. கடைக்காரர் ஒன்று சொல்ல, பொருத்த வருபவர் இன்னொன்று சொல்ல, வாங்குபவர்கள் குழம்பி நிற்கிறார்கள்.

எத்தனை கேமரா, எத்தனை மெகாபிக்சல் என்றுதான் பெரும்பாலும் பேச்சு தொடங்குகிறது. அதற்கு முன் வீட்டார் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டிய கேள்விகள் மூன்று: யாருடைய முகம் எந்த இடத்தில் தெரிய வேண்டும்? அந்தப் பதிவு எத்தனை நாள் இருக்க வேண்டும்? அதை யார் யார் பார்க்கலாம்? இந்த மூன்றுக்கும் பதில் இல்லாமல் மாட்டப்பட்ட கேமரா, தேவைப்படும் நாளில் கைவிடும்.

அமைப்பின் உறுப்புகள்

வீட்டுக்கு வரும் அமைப்புகள் மூன்று வகைப்படும்.

1. டிவிஆர் வகை. கேமராவிலிருந்து கோஆக்சியல் கேபிள் வழியாகக் காட்சி பதிவுப் பெட்டிக்கு வருகிறது. அந்தப் பெட்டிதான் டிவிஆர். கேமராவுக்கு 12 வோல்ட் மின்சாரம் தனியாகப் போக வேண்டும். நம் ஊர்களில் பொருத்துபவர்கள் '3+1' என்று சொல்லும் கேபிளில் காட்சிக்கான கம்பியும் மின்சாரத்துக்கான மெல்லிய கம்பிகளும் ஒரே உறைக்குள் இருக்கும். விலை குறைவு, பழுது பார்ப்பதும் எளிது.

2. என்விஆர் வகை. கேமராவே காட்சியை எண்மத் தகவலாக மாற்றி, கணினி வலைக்குப் பயன்படும் ஈதர்நெட் கேபிள் வழியாக என்விஆர் என்ற பதிவுப் பெட்டிக்கு அனுப்புகிறது. அதே கேபிளில் மின்சாரமும் போகலாம். பிஓஇ என்று சொல்வது இதைத்தான். ஒரு கேபிள் 100 மீட்டர் வரை போகலாம். செலவு கூடும், ஆனால் கேமராக்களை வேலைக்கு ஏற்பத் தேர்ந்தெடுக்க வசதி அதிகம்.

3. வைஃபை கேமரா. கேபிளுக்குப் பதில் வீட்டு வைஃபை. பதிவு கேமராவுக்குள் இருக்கும் மெமரி கார்டிலோ நிறுவனத்தின் கிளவுட் சேமிப்பிலோ தங்கும். வாடகை வீட்டுக்கு ஏற்றது, சுவரைத் துளைக்க வேண்டியதில்லை. ஆனால் "வயர் இல்லாதது" என்ற விளம்பரத்தை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. பேட்டரியிலோ சூரிய மின்தகட்டிலோ இயங்காத கேமராவுக்கு மின்வயர் வேண்டும்.

சொந்த வீடு என்றால் கேபிள் வழி அமைப்பே நல்லது என்பது இந்தக் கட்டுரையின் நிலைப்பாடு. இரண்டு கான்கிரீட் சுவர்களைத் தாண்டிப் போகும் வைஃபை அலை, வேண்டிய நேரத்தில் தடுமாறும் வாய்ப்பு எப்போதும் இருக்கிறது.

முகம் தெரிய என்ன வேண்டும்?

குழப்பத்தின் வேர் இங்கேதான். "இரண்டு மெகாபிக்சல் போதுமா, ஐந்து வாங்கலாமா?" என்ற கேள்வியில் ஒரு தகவல் விடுபட்டிருக்கிறது. ஒரு மெகாபிக்சல் என்பது பத்து லட்சம் படப்புள்ளி; அந்தப் புள்ளிகள் எவ்வளவு அகலமான இடத்தின் மேல் பரவுகின்றன என்பது அது.

இதற்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. ஒரு மீட்டர் அகலத்துக்கு எத்தனை படப்புள்ளிகள் விழுகின்றன என்று கணக்கிடுவது. ஐஇசி 62676-4 என்ற சர்வதேசத் தரநிலை தரும் எண்கள் இவை:

1. மீட்டருக்கு 25 புள்ளி: யாரோ இருக்கிறார்கள் என்று தெரியும்.
2. மீட்டருக்கு 125 புள்ளி: ஏற்கெனவே அறிமுகமானவர் என்றால் இன்னார் என்று சொல்லிவிடலாம்.
3. மீட்டருக்கு 250 புள்ளி: முன்பின் தெரியாதவரையும் முகத்தை வைத்து அடையாளம் காட்டலாம்.

வீட்டுக்குள் நுழையும் அந்நியரின் முகம் வேண்டும் என்றால் நமக்கு மூன்றாவது நிலை தேவை. மனித முகத்தின் அகலம் ஏறக்குறைய 16 சென்டிமீட்டர். மூன்றாவது நிலையில் முகத்தின் குறுக்கே 40 புள்ளிகள் விழும். முதல் நிலையில் விழுவது நான்கே புள்ளி. வெள்ளைத் திட்டு என்று மேலே சொன்னது இந்த நான்கு புள்ளியைத்தான்.

இப்போது கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். இரண்டு மெகாபிக்சல் கேமராவின் படம் குறுக்கே 1,920 புள்ளி கொண்டது. மீட்டருக்கு 250 வேண்டுமானால் படத்தில் அடங்கும் இடத்தின் அகலம் 7.7 மீட்டரைத் தாண்டக் கூடாது. வீடுகளில் பெரும்பாலும் மாட்டப்படும் 2.8 மில்லிமீட்டர் லென்ஸ் சுமார் 100 பாகை அகலத்தைப் பார்க்கிறது. அந்த லென்ஸில் 7.7 மீட்டர் அகலம் என்பது கேமராவிலிருந்து மூன்றே கால் மீட்டர் தூரத்தில், அதாவது பத்து, பதினோரு அடியில் முடிந்துவிடும். அதற்கு அப்பால் நிற்பவரின் முகத்தை அந்தக் கேமராவால் உறுதியாகக் காட்ட முடியாது. முப்பது அடி தள்ளி இருக்கும் கேட்டை அது நன்றாகக் 'காட்டும்'. ஆனால் கேட்டைத் திறந்தது யார் என்று சொல்லாது.

தீர்வு என்று பலரும் மெகாபிக்சலைக் கூட்டுகிறார்கள். நான்கு மெகாபிக்சல் படம் குறுக்கே 2,560 புள்ளி. விலை ஏறுகிறது, முகம் தெரியும் தூரமோ பத்தரை அடியிலிருந்து பதினான்கு அடியாகத்தான் கூடுகிறது. அதே இரண்டு மெகாபிக்சல் கேமராவில் 6 மில்லிமீட்டர் லென்ஸ் போட்டால் பார்வை சுமார் 50 பாகையாகக் குறுகி, முகம் தெரியும் தூரம் இருபத்தேழு அடிக்குப் போய்விடும். லென்ஸ் எண் கூடக் கூடப் பார்வை குறுகும், தூரம் நீளும். பொருத்த வருபவரிடம் "கேட்டுக்கு மட்டும் 6 எம்எம் போடுங்கள்" என்று சொன்னால் புரிந்துகொள்வார். சொல்லாவிட்டால் எல்லா இடத்துக்கும் 2.8 தான் வரும். அகலமாகத் தெரியும் படம் பார்த்தவுடன் வாடிக்கையாளருக்குப் பிடித்துவிடுகிறது என்பதே காரணம்.

எனவே வேலையைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். அகன்ற லென்ஸ் கேமரா, யார் எந்தப் பக்கம் போனார்கள் என்று நடமாட்டத்தைப் பார்க்கட்டும். குறுகிய லென்ஸ் கேமரா ஒன்று, எல்லோரும் கட்டாயம் கடந்தாக வேண்டிய ஓர் இடத்தை மட்டும் பார்க்கட்டும். பெரும்பாலான வீடுகளில் அந்த இடம் கேட் அல்லது தலைவாசல். எட்டு கேமரா மாட்டி எட்டிலும் முகம் தெரியாமல் இருப்பதைவிட, நான்கு மாட்டி ஒன்றில் முகம் தெளிவாக விழுவது எத்தனையோ மேல்.

எங்கே, எவ்வளவு உயரத்தில்?

கைக்கு எட்டக் கூடாது என்று கேமராவை முதல் மாடிச் சன்ஷேடுக்கு அடியில் மாட்டுவது நம் ஊரில் பழக்கமாகிவிட்டது. அங்கிருந்து கிடைப்பது தலைமுடியும் தொப்பியும்தான். மூன்று மீட்டர் உயரத்தில் உள்ள கேமரா, மூன்று மீட்டர் தள்ளி நிற்பவரின் முகத்தை ஏறக்குறைய 25 பாகை சாய்வில் பார்க்கும். அதில் முகம் தெரியும். ஐந்து மீட்டருக்கு ஏற்றினால் சாய்வு 48 பாகைக்கு மேல். நெற்றிக்குக் கீழே ஒன்றும் மிஞ்சாது. எட்டரை அடியிலிருந்து பத்து அடி வரை என்பது நல்ல உயரம். உடைத்துவிடுவார்களே என்ற பயம் நியாயமானது. அதற்குத்தான் அந்தக் கேமராவையே பார்க்கும்படி இன்னொரு கேமராவை மாட்டுவது.

வெளிச்சத்தையும் பார்க்க வேண்டும். கிழக்குப் பார்த்த வாசலில் காலை வெயில் நேராக லென்ஸில் விழும். வருபவர் கறுப்பு நிழலாகத் தெரிவார். நிழலான போர்டிகோவிலிருந்து வெயிலடிக்கும் தெருவைப் பார்க்கும் கேமராவுக்கும் இதே கதிதான். டபிள்யூடிஆர் என்ற வசதி இருளையும் ஒளியையும் சமன் செய்யும். வாசல் கேமராவுக்கு அது கட்டாயம் வேண்டும். வாங்கும்போது 'டிஜிட்டல் டபிள்யூடிஆர்' என்று போட்டிருந்தால் அது மென்பொருள் ஒப்பேற்றல்; 'ட்ரூ டபிள்யூடிஆர்', 120 டெசிபல் என்று குறித்திருப்பதே உண்மையானது.

இரவு தனிக் கதை. கேமராவைச் சுற்றியுள்ள சிறு விளக்குகள் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை வீசுகின்றன. அதில் படம் கறுப்பு வெள்ளையாக வரும். அந்த ஒளி பக்கத்துச் சுவரிலோ சன்ஷேடின் அடியிலோ பட்டுத் திரும்பினால் கேமரா, வெளிச்சம் போதும் என்று எண்ணித் தன் பார்வையை மங்கலாக்கிக்கொள்ளும். ஒரு நாள் இரவு பதிவை உற்றுப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும்: லென்ஸுக்கு முன்னால் ஒற்றை இழை, காற்றில் அசைந்தபடி, திரையின் பாதியை வெள்ளையாக மறைத்துக்கொண்டு. சிலந்தி கட்டியது. விளக்கைச் சுற்றிப் பூச்சி வரும், பூச்சியைத் தேடிச் சிலந்தி வரும். மாதம் ஒருமுறை ஒட்டடைக் கம்பால் துடைப்பதுதான் வழி. அதைவிட நல்லது, வாசலில் ஒரு சாதாரண எல்இடி விளக்கை இரவு முழுவதும் எரியவிடுவது. மின்செலவு அற்பம், படமும் தெளியும், சட்டையின் நிறமும் தெரியும்.

இரவில் முகம் கலங்கித் தெரிவதற்கு இன்னொரு காரணம், குறைந்த ஒளியில் கேமரா ஒவ்வொரு படத்துக்கும் நீண்ட நேரம் எடுத்துக்கொள்வது. ஒரு படத்துக்கு இருபத்தைந்தில் ஒரு விநாடி எடுத்தால், ஓடுபவர் அந்த நேரத்துக்குள் தன் முகத்தின் அகலத்துக்கே நகர்ந்துவிடுவார். படத்தில் முகம் இழுபட்டுப்போகும். எத்தனை மெகாபிக்சல் ஆனாலும் இதைச் சரிசெய்யாது. வெளிச்சம்தான் சரிசெய்யும்.

எத்தனை நாள் தங்கும்?

காட்சி விநாடிக்கு எத்தனை பிட் தகவலாகப் பதிவாகிறது என்பதைப் பிட்ரேட் என்கிறார்கள். இரண்டு மெகாபிக்சல் கேமரா ஒன்று 2 எம்பிபிஎஸ், அதாவது விநாடிக்கு 20 லட்சம் பிட், வேகத்தில் பதிவு செய்வதாகக் கொள்வோம். ஒரு நாளைக்கு 86,400 விநாடி. கணக்கிட்டால் ஒரு கேமராவுக்கு நாளொன்றுக்கு 21.6 ஜிபி. நான்கு கேமராவுக்கு 86.4 ஜிபி. ஒரு டிபி ஹார்ட் டிஸ்க் பதினொன்றரை நாளில் நிரம்பிவிடும். நிரம்பியதும் பழைய பதிவின் மேல் புதியது எழுதப்படும். வைஃபை கேமராவில் போடும் 64 ஜிபி மெமரி கார்டு மூன்று நாள்கூடத் தாங்காது.

குடும்பத்தோடு பத்து நாள் வெளியூர் போய்த் திரும்பும் வீட்டுக்கு மூன்று நாள் பதிவால் என்ன பயன்? குறைந்தது பதினைந்து நாள், முடிந்தால் ஒரு மாதம் என்று வைத்துக்கொள்வது நல்லது. நான்கு கேமராவுக்கு ஒரு மாதம் என்றால் 2.6 டிபி, ஆகவே 4 டிபி டிஸ்க். எச்.265 என்ற சுருக்க முறை உள்ள கேமராவும் பெட்டியும், பழைய எச்.264 முறையைவிட இடத்தைக் கணிசமாகக் குறைக்கும். கணினியிலிருந்து கழற்றிய பழைய டிஸ்க்கைப் போடக் கூடாது. இரவு பகலாக எழுதிக்கொண்டே இருப்பதைத் தாங்கும்படி கண்காணிப்புக்கென்றே தனி டிஸ்க்குகள் வருகின்றன.

அசைவு இருக்கும்போது மட்டும் பதிவு செய்தால் இடம் மிச்சமாகுமே என்று கேட்கலாம். ஆகும். ஆனால் மரக்கிளை அசைந்தால் பதிவாகி, மெதுவாக ஊர்ந்து வருபவர் பதிவாகாமல் போகும் இரவும் வரும். கேட் கேமராவையாவது இடைவிடாமல் பதிவில் வைத்திருக்க வேண்டும்.

பெட்டியை வைக்கும் இடத்திலும் பலர் தவறுகிறார்கள். ஹாலில் டிவிக்குக் கீழே, எல்லோர் கண்ணிலும் படும்படி வைப்பதுதான் வழக்கம். பூட்டிய அலமாரிக்குள் அல்லது பரணில், காற்றோட்டம் இருக்கும்படி வைக்கலாம். கூடவே கேட் கேமராவுக்கு மட்டும் மெமரி கார்டோ கிளவுட் சேமிப்போ இருந்தால், பெட்டி போனாலும் அந்த ஒரு முகம் தங்கும்.

மின்சாரம், கேபிள், மழை

மின்வெட்டுக்கு இன்வெர்ட்டர் இருக்கிறது என்று விட்டுவிடாமல், பதிவுப் பெட்டி, கேமராவுக்கான மின்பெட்டி, ரௌட்டர் மூன்றும் இன்வெர்ட்டர் இணைப்பில் இருக்கின்றனவா என்று ஒருமுறை மெயின் ஸ்விட்சை அணைத்துப் பார்க்க வேண்டும். நான்கு கேமரா அமைப்பு முழுவதும் 50 வாட் அளவுக்குத்தான் இழுக்கும், ஆகவே சுமை ஒரு பிரச்சினையே அல்ல.

பகலில் நன்றாக ஓடும் கேமரா, இருட்டியதும் அணைந்து அணைந்து எரிகிறதா? கேமராவைக் குறை சொல்வதற்கு முன் கேபிளைப் பார்க்க வேண்டும். இரவில் அகச்சிவப்பு விளக்குகள் எரியும்போது கேமரா கூடுதல் மின்சாரம் கேட்கும். மெல்லிய கம்பி நீண்ட தூரம் போயிருந்தால் 12 வோல்ட் வழியிலேயே இறங்கிவிடும். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவுக் கேபிள்களில் இது அதிகம். கேபிளில் மிச்சம் பிடிக்கும் சில நூறு ரூபாய், பிறகு சுவருக்குள் பதித்த கான்சீல் பைப்பை உடைக்க வைக்கும். முழுச் செம்புக் கேபிள்தான் வேண்டும் என்று விலைப்பட்டியலிலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.

ஐபி66, ஐபி67 என்பவை தூசியையும் நீரையும் தாங்கும் தர எண்கள். முதல் 6, தூசி புகாது என்பதைச் சொல்கிறது. இரண்டாவது எண் 6 என்றால் பீய்ச்சி அடிக்கும் நீரைத் தாங்கும். 7 என்றால் ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்கும். ஆனால் இந்த எண் கேமராவுக்குத்தான். பின்னால் தொங்கும் இணைப்பு முனைகளுக்கு அல்ல. வடகிழக்குப் பருவமழையில் போகும் கேமராக்களில் அந்த முனைக்குள் தண்ணீர் இறங்கியவை ஏராளம். முனைகள் பிளாஸ்டிக் பெட்டிக்குள் இருக்க வேண்டும். பெட்டிக்குள் நுழையும் முன் கேபிள் கீழ்நோக்கி வளைந்து ஏற வேண்டும், அப்போது நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். கடலோர ஊர்களில் உப்புக் காற்றால் இரும்புத் திருகுகள் ஓராண்டில் துருவேறும். துருவேறா எஃகுத் திருகு போடச் சொல்லலாம்.

இணையத்தோடு இணைத்தபின்

செல்பேசியில் வீட்டைப் பார்க்க வேண்டும் என்பதால்தான் பலர் கேமராவே வாங்குகிறார்கள். அந்த இணைப்பைக் கொடுத்த நொடியில் கேமரா ஒரு சிறு கணினியாக இணையத்தில் நிற்கிறது. உலகில் எங்கிருந்தும் அதன் கதவைத் தட்டலாம்.

2016-இல் நடந்ததை நினைவில் கொள்வது நல்லது. மிராய் என்ற தீநிரல் இணையமெங்கும் உலவி, தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல் மாற்றப்படாத கேமராக்களையும் டிவிஆர்களையும் ரௌட்டர்களையும் தேடியது. அதனிடம் இருந்தது அறுபது சொச்சம் பயனர்பெயர், கடவுச்சொல் ஜோடிகள் கொண்ட ஒரு பட்டியல், அவ்வளவுதான். அதைக் கொண்டே லட்சக்கணக்கான கருவிகளைப் பிடித்தது. அக்டோபர் 21 அன்று அப்படிப் பிடிபட்ட கருவிகளின் படை, இணையதளங்களின் முகவரியைக் கண்டுபிடித்துத் தரும் டின் என்ற அமெரிக்க நிறுவனத்தைத் தாக்கியதில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் உள்ளிட்ட தளங்கள் பல மணி நேரம் திறக்கவில்லை. தங்கள் வீட்டுக் கேமரா அந்தத் தாக்குதலில் பங்கெடுத்தது அதன் சொந்தக்காரர்கள் பலருக்கு இன்றுவரை தெரியாது. ராஜ்கோட் விவகாரத்திலும், எளிதில் ஊகிக்கக்கூடிய கடவுச்சொல்லை மாற்றாமல் விட்டதுதான் வாசலைத் திறந்துவிட்டதாக விசாரணையில் சொல்லப்பட்டது.

செய்ய வேண்டியவை, முக்கியத்துவ வரிசைப்படி:

1. செயலிக் கணக்கு வீட்டுக்காரரின் செல்பேசி எண்ணிலும் மின்னஞ்சலிலும் இருக்க வேண்டும். பொருத்த வந்தவர் அவசரத்துக்குத் தன் எண்ணில் தொடங்கிக் கொடுத்துவிட்டுப் போவது மிகவும் சாதாரணமாக நடக்கிறது. அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அந்த நிலையில் உங்கள் வாசல் அவர் செல்பேசியில் தெரிந்துகொண்டே இருக்கும். வேலை முடிந்த அன்றே, அவர் எதிரிலேயே கணக்கை மாற்றி, 'பகிரப்பட்டவர்கள்' பட்டியலைத் திறந்து பார்த்துவிட வேண்டும்.

2. பதிவுப் பெட்டி, ஒவ்வொரு கேமரா, ரௌட்டர் எல்லாவற்றின் கடவுச்சொல்லையும் மாற்ற வேண்டும். வேறு எங்கும் பயன்படுத்தாத, நீளமான சொல்லாக இருக்கட்டும். வீட்டு எண், பிறந்த ஆண்டு வேண்டாம். ஒரு நோட்டில் எழுதிப் பீரோவில் வைப்பதில் தவறில்லை. திருடன் இணையத்திலிருந்து வந்து பீரோவைத் திறக்கப் போவதில்லை.

3. கடவுச்சொல்லோடு செல்பேசிக்கு வரும் குறியீட்டையும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பு இருந்தால் போட்டுவிட வேண்டும்.

4. ரௌட்டரில் போர்ட் ஃபார்வர்டிங், யுபிஎன்பி இரண்டையும் அணைக்க வேண்டும். முதலாவது, வெளியிலிருந்து நேராகக் கேமராவுக்கு வர நாமே திறக்கும் வழி. இரண்டாவது, கருவி தானாகவே அந்த வழியைத் திறந்துகொள்ள விடும் வசதி. செயலி மூலம் பார்ப்பதற்கு இவை பெரும்பாலும் தேவைப்படாது.

5. கேமராவின் உள்மென்பொருளை ஆண்டுக்கு இரண்டு முறையாவது புதுப்பிக்க வேண்டும். 2021 செப்டம்பரில் ஹிக்விஷன் நிறுவனத்தின் பல மாடல்களில், கடவுச்சொல்லே இல்லாமல் உள்ளே புகக்கூடிய ஓட்டை வெளிப்பட்டது. நிறுவனம் திருத்தம் வெளியிட்டது. ஆனால் திருத்தம் தானாக வந்து சேராது. யாராவது ஏற்ற வேண்டும்.

6. ரௌட்டரில் விருந்தினர் வைஃபை இருந்தால் வைஃபை கேமராக்களை அதில் சேர்க்கலாம். கேமரா வழியாக ஒருவர் நுழைந்தாலும் வங்கிக் கணக்கு பார்க்கும் கணினிக்கு நேராகப் போக முடியாது.

படுக்கையறையில் கேமரா வேண்டவே வேண்டாம். குழந்தைக்காக, முதியவருக்காக என்று எந்தக் காரணமானாலும், கசிந்த காட்சியைத் திரும்ப வாங்க வழியில்லை.

2025 விதி சொல்வது என்ன?

மத்திய மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் 2024 ஏப்ரலில் வெளியிட்ட அறிவிக்கையின்படி, கட்டாயப் பதிவு பெற வேண்டிய மின்னணுப் பொருள்களில் ஒன்றான சிசிடிவி கேமராவுக்கு, மின்பாதுகாப்புச் சோதனையோடு தகவல் பாதுகாப்புச் சோதனையும் சேர்க்கப்பட்டது. நடைமுறைக்கு வந்தது 2025 ஏப்ரல் 9. கருவியைத் திறந்து குறுக்கிட முடியுமா, உள்மென்பொருளை மாற்றி ஏற்ற முடியுமா, தகவல் குறியாக்கத்தோடு போகிறதா, உதிரிகள் எங்கிருந்து வருகின்றன என்பவை சோதிக்கப்படுகின்றன. எஸ்டிக்யூசி என்று கடைகளில் சொல்வது, இந்தச் சோதனையோடு தொடர்புடைய அரசு அமைப்பின் பெயர்ச் சுருக்கம்.

விதி, உற்பத்தியாளரையும் இறக்குமதியாளரையும் நோக்கியது. வீட்டில் ஏற்கெனவே ஓடும் கேமராவைக் கழற்ற வேண்டும் என்று அது சொல்லவில்லை. புதிதாக வாங்குபவர் பெட்டியின் மேல் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பிஐஎஸ்) முத்திரையும் 'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பார்த்து, பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைச் சரிபார்க்கலாம். சான்று பெற்ற கேமராவிலும் கடவுச்சொல்லை நாம்தான் காக்க வேண்டும்.

பக்கத்து வீடும் வேலைக்கு வருபவர்களும்

தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தது. அண்டை வீட்டின் கிணற்றடியோ குளியலறைச் சன்னலோ நம் கேமராவில் விழுந்தால் அது வெறும் மனக்கசப்போடு நிற்காது. ஒருவரின் அந்தரங்க உறுப்புகளைச் சம்மதமின்றிப் படம்பிடிப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஈ பிரிவில் மூன்றாண்டு வரை சிறையோ இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ தரக்கூடிய குற்றம். கூட்டாக வசிக்கும் வீட்டில் உடன் வசிப்பவரின் சம்மதமின்றிக் குடியிருப்புப் பகுதிக்குள் கேமரா வைப்பது தனியுரிமை மீறல் என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் 2025-இல் கூறியது. அதற்கு எதிரான மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை.

பெரும்பாலான அமைப்புகளில் படத்தின் ஒரு பகுதியை மட்டும் கறுப்பாக மறைக்கும் வசதி உண்டு. அண்டை வீட்டுச் சன்னலை அதனால் மறைத்துவிட்டு, அவர்களை அழைத்துத் திரையைக் காட்டிவிடுவது மிகப் பெரிய சண்டைகளைத் தவிர்க்கும். வீட்டு வேலைக்கு வருபவர்களிடமும் எங்கே கேமரா இருக்கிறது என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும். ஒலிப்பதிவை அணைத்து வைப்பதே முறை. தெருவில் போகிறவர் பேசுவது நமக்கு உரியதல்ல.

சம்பவம் நடந்த பின்

சென்னைக் காவல்துறை 'மூன்றாவது கண்' என்ற பெயரில் கேமரா பொருத்தச் சொல்லி மக்களை ஊக்குவித்த பிறகு, தெருவைப் பார்க்கும் வீட்டுக் கேமராவின் பதிவைக் கேட்டுப் போலீசார் வருவது சகஜமாகிவிட்டது. அப்போது பதிவு செல்லுபடியாக வேண்டும் என்றால் சிலவற்றைக் கவனிக்க வேண்டும்.

1. நேரம். பதிவுப் பெட்டிக்குள் ஒரு சிறு கடிகாரம் இருக்கிறது. இணையத்தோடு ஒத்துப்போகும் வசதியை இயக்காவிட்டால் மாதக்கணக்கில் அது பிசகும். நேரப் பகுதி இந்திய நேரத்துக்கு, அதாவது ஐந்தரை மணி முன்னால், வைக்கப்பட்டிருக்க வேண்டும். பிசகியிருந்தால் திருத்துவதற்கு முன், பெட்டியில் எத்தனை மணி, சரியான நேரம் எத்தனை மணி என்று இரண்டையும் எழுதி வைக்க வேண்டும்.

2. நகல். திரையைச் செல்பேசியில் படம்பிடித்து வாட்ஸ்ஆப்பில் அனுப்புவது உடனடித் தகவலுக்கு உதவும், சான்றுக்குப் போதாது. பெட்டியில் பென் டிரைவ் செருகி, சம்பவத்துக்கு முன்னும் பின்னும் அரை மணி நேரம் சேர்த்து, எல்லாக் கேமராவிலிருந்தும் மூலப் பதிவாக எடுக்க வேண்டும். அன்றே எடுத்துவிட வேண்டும். டிஸ்க் நிரம்பினால் பெட்டி யாரையும் கேட்காமல் அழித்துவிடும்.

3. சான்றிதழ். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63-ஆவது பிரிவு, மின்னணுப் பதிவின் நகலோடு சான்றிதழ் கேட்கிறது. பழைய சாட்சியச் சட்டத்தின் 65-பி பிரிவு இருந்த இடம் இது. புதிய படிவத்தில் இரண்டு பகுதி: கருவியைப் பொறுப்பில் வைத்திருப்பவர் நிரப்புவது ஒன்று, நிபுணர் நிரப்புவது இன்னொன்று. கோப்பின் ஹாஷ் மதிப்பையும் அதில் குறிக்க வேண்டும். ஹாஷ் என்பது கோப்பின் கைரேகை போன்ற ஓர் எண். கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் அதுவும் மாறிவிடும், ஆகவே பின்னால் யாரும் திருத்தவில்லை என்று காட்ட முடியும். விசாரணை அதிகாரி இதற்கு வழிகாட்டுவார். வீட்டுக்காரர் செய்ய வேண்டியது, டிஸ்க்கை ஃபார்மட் செய்யாமல், பெட்டியை விற்காமல், வழக்கு முடியும் வரை மூலப் பதிவைப் பத்திரமாக வைத்திருப்பது.

இவற்றையெல்லாம் சம்பவ நாளில் முதல்முறையாகச் செய்து பார்க்கக் கூடாது. அமைப்பு பொருத்திய அன்று இரவு பதினொரு மணிக்கு, தெருவிளக்கு வெளிச்சத்தில், வீட்டில் ஒருவர் தொப்பி அணிந்து கேட்டைத் திறந்து வேகமாக வாசல் வரை நடந்து வரட்டும். மறுநாள் அந்தக் காட்சியைப் பெட்டியிலிருந்து பென் டிரைவில் எடுத்து, அவரை அதிகம் பார்த்திராத ஒருவரிடம் காட்டி, குடும்பப் புகைப்படத்தில் இவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். அவர் தயங்கினால், பொருத்தியவருக்கு மீதிப் பணத்தைக் கொடுப்பதற்கு முன்பே கேட் கேமராவின் லென்ஸை மாற்றச் சொல்லிவிடலாம்.